காவலர்கள் இருக்கும் கரை

பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் ஹெக்கேட் நீரிணையைக் கடந்து ஹைடா குவாய்த் தீவுகளின் ஸ்கிடிகேட் போய்ச் சேர ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். ஆழம் குறைந்த நீரிணை அது. தென்கிழக்குக் காற்று எழுந்துவிட்டால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் கிளம்பி, பெரிய கப்பலையே உலுக்கிவிடும். என்னோடு வந்த நண்பர் யாழ்ப்பாணத்தின் மயிலிட்டியில் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவர். மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி, "ஆழமில்லாத கடல்தான் தம்பி பொல்லாதது" என்றார். பாக்கு நீரிணையை இரவில் படகில் கடந்து மண்டபம் வந்து இறங்கியவர் அவர். அவருக்குத் தெரியாத அலை இல்லை.

1990இல் அவர் ஊரைவிட்டுக் கிளம்பினார். அதன் பிறகு மயிலிட்டி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 2017இல்தான் துறைமுகத்தையும் அதையொட்டிய சிறு நிலப்பரப்பையும் விட்டுக்கொடுத்தார்கள். அகதி முகாம், பிறகு வான்கூவர் என்று நீண்ட வழியில் வந்தவருக்குச் சமீபத்தில் கனடாக் குடியுரிமை கிடைத்தது. சத்தியப் பிரமாணத்தின் ஒரு பகுதி அவரை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. சட்டங்களை மதித்து நடப்பேன் என்று சொல்லும் இடத்தில், முதற்குடிகள், இனுவிட், மெட்டிஸ் மக்களின் உரிமைகளை ஏற்று உறுதிசெய்யும் அரசியலமைப்பையும் மதிப்பேன் என்று சொல்ல வேண்டும். 2021 ஜூனிலிருந்து சேர்க்கப்பட்ட வாசகம் இது. கனடாவில் குடியுரிமை பெறும் ஒவ்வொரு தமிழரும் இப்போது இதைச் சொல்லித்தான் குடிமகனாகிறார். "வாயால சத்தியம் பண்ணிப்போட்டன். அது என்னெண்டு கண்ணால பாக்க வேணும்" என்று அவர்தான் என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்து வந்தார்.

பார்ப்பதற்கு ஹைடா குவாயைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரைக்கு அப்பால் பசிபிக்கில் கிடக்கும் தீவுக்கூட்டம். மொத்த மக்கள் நாலாயிரத்துச் சொச்சம். அவர்களில் பாதிப்பேர் ஹைடாக்கள். அவர்களுடைய முன்னோர் இங்கே வாழ்ந்ததற்கு 12,500 ஆண்டுகளுக்கும் முந்தைய தடயங்கள் இருக்கின்றன. 1787இல் வந்த ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் தன் கப்பலின் பெயரை இந்தத் தீவுகளுக்கு வைத்துவிட்டுப் போனான். குயின் ஷார்லட் தீவுகள் என்ற அந்தப் பெயர் 2010 வரை அரசு வரைபடங்களில் இருந்தது. ஹைடாக்கள் இந்த நிலத்தை யாருக்கும் விற்கவில்லை. போரில் தோற்று இழக்கவும் இல்லை. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் இல்லை. பிறகு எப்படி இது அரசியின் நிலமானது? கனடாவின் பூர்வகுடி உரிமை வழக்குகள் பலவற்றின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான்.

தீவுக்கூட்டத்தின் தென்பகுதிதான் குவாய் ஹானாஸ். சுமார் 1,470 சதுர கிலோமீட்டர் நிலமும் 3,400 சதுர கிலோமீட்டர் கடலும் சேர்ந்த காப்புப் பகுதி. மலைமுடியிலிருந்து கடலடிவரை ஒரே நிர்வாகம். சாலை கிடையாது, ஊர் கிடையாது, விடுதி கிடையாது. போக விரும்புகிறவர்கள் முதலில் ஒரு விளக்க வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். எங்கே முகாமிடலாம், எதைத் தொடக்கூடாது, கரடி வந்தால் என்ன செய்வது என்பதோடு யாருடைய வீட்டுக்குள் நுழைகிறோம் என்பதையும் அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் பார்த்த எந்தச் சரணாலயத்திலும் இந்தக் கடைசிப் பாடம் இருந்ததில்லை.

மோர்ஸ்பி முகாமிலிருந்து ரப்பர் விளிம்பு வைத்த விசைப்படகில் கிளம்பினோம். மிதவை உடுப்பு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், முகத்தில் ஊசிபோல மழை. படகோட்டி ஸ்கிடிகேட்டைச் சேர்ந்த ஹைடாப் பெண். லூயிஸ் தீவின் முனை வந்ததும் இயந்திரத்தை அடக்கினார். வானொலிக் கருவியில் ஆறாம் அலைவரிசையைத் திருப்பி, கூனா ஊரின் காவலர்களை அழைத்தார். எத்தனை பேர் வந்திருக்கிறோம் என்று சொல்லி, கரையேறலாமா என்று கேட்டார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு முதியவரின் குரல்: இன்னொரு குழு கரையில் இருக்கிறது, அவர்கள் இறங்கட்டும், காத்திருங்கள். ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது என்பது விதி. மழையில் ஆடிக்கொண்டே காத்திருந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு முதன்முதலாக உறைத்தது: காப்புக்காட்டின் வாசலில் நின்று அனுமதி தருபவர் காக்கிச் சட்டைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று இவ்வளவு காலம் எதற்காக நம்பிக்கொண்டிருந்தோம்?

காவலர்களின் கதை 1981இல் தொடங்குகிறது. கைவிடப்பட்ட பழைய ஊர்களில் தூண்களையும் எலும்புகளையும் ஆட்கள் எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்க, ஹைடாக்களே முன்வந்து கோடைதோறும் அங்கே போய்த் தங்க ஆரம்பித்தார்கள். அரசு நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை, பூங்காவும் அப்போது இல்லை. இன்றைக்கு ஐந்து இடங்களில் சிறு மரவீடுகளில் தங்குகிறார்கள்: கூனா, டானூ, விண்டி பே, வெந்நீர் ஊற்றுத் தீவு, ஸ்காங் குவாய். ஹைடாத் தூண்களின் உச்சியில் உயரமான தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் மூன்று மனித உருவங்கள்தான் அவர்களுடைய சின்னம். ஊரை நெருங்கும் ஆபத்தை எச்சரிப்பது அந்த உருவங்களின் வேலை.

கூனாவில் எங்களை வரவேற்ற காவலர் ஓய்வுபெற்ற மீனவர், பேத்தியோடு தங்கியிருந்தார். பாதையின் இருபுறமும் வெள்ளைச் சிப்பிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சிப்பிக்கு இந்தப் பக்கம் நடக்கலாம், அந்தப் பக்கம் கூடாது. கயிறும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. வீடுகள் இருந்த இடத்தில் பாசி மூடிய பள்ளங்கள். சாய்ந்து கிடந்த ஒரு தூணின் வயிற்றிலிருந்து ஸ்புரூஸ் மரம் ஒன்று ஓங்கி வளர்ந்திருந்தது. இந்தப் பள்ளத்தில் யார் குடும்பம், அந்தப் பள்ளத்தில் யார் குடும்பம் என்று முதியவர் அடுக்கிக்கொண்டே போனார்.

1862இல் விக்டோரியா நகரில் பரவிய பெரியம்மையோடு, அங்கே போயிருந்த வடகரை மக்களை ஊருக்குத் திருப்பி விரட்டினார்கள். அவர்களோடு நோயும் கரை முழுக்கப் போனது. பத்தாயிரத்துக்கும் மேல் இருந்த ஹைடாக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 600 பேராகக் குறைந்தார்கள். மிஞ்சியவர்கள் ஊர் ஊராகக் காலிசெய்து ஸ்கிடிகேட்டிலும் ஓல்ட் மாசெட்டிலும் கூடினார்கள். பிறகு சட்டங்கள் வந்தன. பாட்லாட்ச் என்ற அவர்களுடைய கொடைவிழாவுக்கு 1880களின் நடுவிலிருந்து 1951 வரை தடை. நிலத்துக்காக வழக்காடப் பணம் திரட்டுவதே 1927இலிருந்து 1951 வரை குற்றம். ஆளில்லாத காடு என்று பிற்காலத்தில் வரைபடத்தில் குறித்தார்களே, அந்தக் காட்டில் ஆளில்லாமல் போனது இப்படித்தான்.

டானூவில் நின்றது கொஞ்ச நேரம். சிற்பி பில் ரீட் 1998இல் மறைந்தபோது அவருடைய சாம்பலை இங்கேதான் புதைத்தார்கள். தாய்வழியில் அவருடைய ஊர் இது.

லயல் தீவின் விண்டி பேயைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து உள்ளே போனால் ஆயிரம் வயதை எட்டிய செடார் மரங்கள். அடிமரத்தில் நீளவாக்கில் பட்டை உரித்த வடு. இன்னொன்றில் ஆள் மார்பு உயரத்தில் சதுரமாகக் குடைந்த துளை. தோணி செய்ய மரம் உதவுமா, உள்ளே உளுத்திருக்கிறதா என்று சோதிக்க எப்போதோ போட்ட துளை அது. மரம் உதவவில்லை போலும், விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். துளைக்குள் நண்பர் கையை நுழைக்கப் போனவர், படகோட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையசைத்த பிறகு தொட்டார். தொட்டுவிட்டு, தச்சன் உளி எந்தப் பக்கத்திலிருந்து இறங்கியிருக்கிறது என்று விரலாலேயே கண்டுபிடித்துச் சொன்னார்.

அந்த மரங்கள் இன்று நிற்பதற்குக் காரணம் 1985. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, தெற்கு நோக்கி மரவெட்டு நகர்ந்து வந்தபோது, குஜாவ் என்ற ஹைடா இளைஞரும் தாம் ஹென்லி என்ற நண்பரும் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, இதற்குத் தெற்கே வெட்டக்கூடாது என்று கோரிக்கை வைத்தார்கள். அதே 1974இல் ஹைடா நாட்டு மன்றமும் உருவானது. குழுக்கள், அறிக்கைகள், விசாரணைகள் என்று பத்தாண்டு ஓடியது. மரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. 1985இல் ஹைடா மன்றம் இந்தப் பகுதியைத் தங்கள் மரபுரிமை நிலமாகத் தானே அறிவித்தது. அக்டோபர் கடைசியில் லயல் தீவின் மரவெட்டுச் சாலையில் போய் உட்கார்ந்தார்கள். நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. இளைஞர்கள் கைதாகத் தயாராக இருந்தபோது, ஊரின் மூத்தோர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, முதலில் எங்களைப் பிடிக்கட்டும் என்று முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஈத்தல் ஜோன்ஸ், ஏடா யோவனோவிச், வாட்சன் பிரைஸ் முதலானோர் குலச்சின்னம் தைத்த சடங்குப் போர்வைகளோடு கைதானார்கள். மொத்தம் 72 பேர். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் நாடு முழுக்கப் பார்த்தது.

1987இல் மத்திய அரசும் மாகாணமும் மரவெட்டை நிறுத்தி இதைத் தேசியப் பூங்காவாக்க உடன்பட்டன. இதோடு கதை முடிந்திருந்தால் இதுவும் வழக்கமான பூங்காக் கதையாகவே போயிருக்கும். கனடாவின் பூங்கா வரலாறு அழகானதல்ல. ஜாஸ்பரில் 1910இல் மெட்டிஸ் குடும்பங்களை வெளியேற்றினார்கள். ரைடிங் மவுண்டன் பூங்காவில் கீஸீகுவெனின் முதற்குடி மக்களை 1936இல் விரட்டிவிட்டு அவர்களுடைய வீடுகளைக் கொளுத்தினார்கள். இயற்கையைக் காப்பது என்றால் முதலில் மனிதரை வெளியே தள்ளுவது என்பதுதான் அப்போதைய வழக்கம். ஹைடாக்கள் அந்த வழிக்குச் சம்மதிக்கவில்லை. எங்கள் நிலத்தை மரக் கம்பெனியிடமிருந்து மீட்டுப் பூங்கா இலாகாவிடம் கொடுப்பதற்காகவா சிறைக்குப் போனோம் என்று கேட்டார்கள். ஆறு வருடம் பேச்சுவார்த்தை நடந்தது. 1993 ஜனவரியில் குவாய் ஹானாஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை ஒவ்வொரு நாட்டின் வனத்துறையும் படிக்க வேண்டும் என்பேன். அதில் இரு தரப்பின் நிலைப்பாடும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இது ஹைடாக்களின் நிலம், எங்கள் மரபுத் தலைவர்களின் இறைமைக்கும் ஹைடா மன்றத்தின் அதிகாரத்துக்கும் உட்பட்டது என்கிறது ஒரு பக்கம். இது அரச நிலம், அரசியின் இறைமைக்கும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கும் உட்பட்டது என்கிறது மறுபக்கம். இரண்டையும் ஒன்றாக்க முயலவே இல்லை. ஒன்றை மற்றொன்றுக்குக் கீழே வைக்கவும் இல்லை. நில உரிமையில் ஒத்துப்போகவில்லை, ஆனால் காப்பதில் ஒத்துப்போகிறோம், ஆகவே சேர்ந்து நிர்வகிப்போம் என்று அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. பொய்யான இணக்கத்தில் கையெழுத்து வாங்காத அரச ஆவணம் அபூர்வம். எனக்கு இதில் அறிவுக்கூர்மையைவிட நேர்மைதான் பெரிதாகத் தெரிகிறது.

படகில் இதைச் சொன்னபோது நண்பர் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். "அப்ப நிலம் ஆற்றை எண்டு முடிவாகாமலே ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கினமோ?" ஆமாம் என்றேன். நெடுநேரம் அவர் பேசவில்லை.

நிர்வாக மன்றத்தில் முதலில் இரு தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேர். 2010இல் கடலும் சேர்ந்த பிறகு மும்மூன்று பேர். வாக்கெடுப்பு இல்லை, ஒருமித்தே முடிவெடுக்க வேண்டும். ஒரு தரப்புக்கு உடன்பாடில்லை என்றால் அந்த விஷயம் நகராது. எந்தக் கரையில் முகாமிடலாம், எத்தனை பேரை விடலாம், எந்த விரிகுடாவில் மீன்பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது. 2018இல் கையெழுத்தான நிலம்-கடல்-மக்கள் திட்டத்தின்படி கடற்பகுதியில் சுமார் 40 சதவீதம் கடும் பாதுகாப்புக்குள் வந்தது. ஹைடாக்கள் தங்கள் உணவுக்கும் சடங்குக்கும் மீன்பிடிப்பதும் செடார் பட்டை எடுப்பதும் வேட்டையாடுவதும் பூங்காவுக்குள் தொடர்கின்றன. சட்டத்தில் இதற்குத் தனி வகையே உண்டு: நில உரிமைக் கோரிக்கை தீராத இடத்தை முழுப் பூங்காவாக அறிவிக்காமல், அந்த உரிமைக்குப் பங்கம் வராதபடி ஒதுக்கிவைப்பது.

இந்த மேசைக்கு வலு எங்கிருந்து வந்தது? அரசின் பெருந்தன்மையிலிருந்து வந்தது என்று நான் நம்பவில்லை. 1982இல் கனடா தன் அரசியலமைப்பை லண்டனிலிருந்து சொந்த மண்ணுக்குக் கொண்டுவந்தபோது, பூர்வகுடி உரிமைகள் அதில் இல்லாமலே போகும் நிலை இருந்தது. பூர்வகுடித் தலைவர் ஜார்ஜ் மானுவேல் முன்னின்று நடத்த, 1980 நவம்பரில் சுமார் ஆயிரம் பேர் வான்கூவரிலிருந்து ரயிலேறி ஒட்டாவாவுக்குப் போனார்கள். அந்தப் போராட்டங்களின் விளைவுதான் 35-வது பிரிவு. அது மிகச் சிறிய பிரிவு. உரிமைகளை ஏற்று உறுதிசெய்கிறது. அவை எவை என்று சொல்லவில்லை. அதை நிரப்ப முதலமைச்சர்களைக் கூட்டி நடத்திய மாநாடுகள் 1987இல் தோல்வியில் முடிந்தன. வேலை நீதிமன்றங்களுக்குப் போனது.

நிரப்பியவர்களில் முதலாமவர் மஸ்குவியம் முதற்குடியைச் சேர்ந்த மீனவர் ரொனால்ட் ஸ்பாரோ. உரிமத்தில் 25 பாகம் நீள வலைக்குத்தான் அனுமதி. அவர் 1984இல் 45 பாக வலையைப் போட்டார். ஆறாண்டு கழித்து உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இன்றும் அடித்தளமாக நிற்கிறது: அரசு ஓர் உரிமையை ஒழுங்குபடுத்தியதாலேயே அது அழிந்துவிடாது. மீன்வளத்தைக் காப்பது முதலில். அடுத்தபடியாக, வணிகருக்கும் பொழுதுபோக்கு மீன்பிடிக்கும் முன்னால், பூர்வகுடியின் உணவு. இயற்கைப் பாதுகாப்பும் பூர்வகுடி உரிமையும் மோதுகின்றன என்று பேசுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்பை நீதிமன்றம் முதலில் வைத்தது. ஆனால் அதன் பெயரைச் சொல்லி உரிமையைத் தின்ன விடவில்லை.

2004இல் ஹைடாக்களின் பெயரிலேயே ஒரு தீர்ப்பு வந்தது. மாகாண அரசு அவர்களைக் கேட்காமல் மரவெட்டு உரிமத்தை ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுத்திருந்தது. நில உரிமையை நீங்கள் இன்னும் நிரூபிக்கவில்லையே என்பது அரசின் வாதம். நிரூபித்து முடிப்பதற்குள் காடே இல்லாமல் போய்விட்டால் நிரூபித்து என்ன பயன் என்பது ஹைடாக்களின் வாதம். உரிமை நிரூபணமாவதற்கு முன்பே கலந்தாலோசிக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று நீதிமன்றம் தீர்த்தது. இன்று கனடாவில் எண்ணெய்க் குழாயோ அணையோ சுரங்கமோ எது வந்தாலும் இந்தத் தீர்ப்பைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அதற்காகச் சண்டை தீர்ந்தது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஹெர்ரிங் மீன்வளம் தேறவில்லை என்று ஹைடாக்கள் எச்சரித்த பிறகும் 2015இல் மத்திய அமைச்சர் வணிக மீன்பிடிப்பைத் திறந்துவிட்டார். வழக்குப் போட்டு நீதிமன்றத் தடை வாங்கித்தான் நிறுத்தினார்கள். சேர்ந்து நிர்வகிக்கிறோம் என்று கையெழுத்திட்ட அரசாங்கத்திலேயே ஒரு துறை செய்ததை இன்னொரு துறை அறியாது.

காப்பு என்றால் சும்மா விட்டுவிடுவது அல்ல என்பதை இதற்குப் பிறகு வந்த தீவுகளில் பார்த்தோம். மான் இந்தத் தீவுகளின் பிராணி அல்ல. வெள்ளையர்கள் வேட்டைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். துரத்த ஓநாய் இல்லை. செடார் கன்று முளைத்த மறுநாளே மான் வாயில் போனது. தரையில் பாசியைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. பெரிய மரங்கள் நிற்பதால் காடு பார்வைக்குச் செழிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த தலைமுறை மரம் அதில் இல்லை. செடார் இல்லையென்றால் தோணி இல்லை, தூண் இல்லை, கூடை இல்லை. 2017இல் ராம்சே முதலிய சில தீவுகளில் மான்களை அகற்றத் தொடங்கினார்கள். இறைச்சியை ஹைடா ஊர்களுக்குக் கொடுத்தார்கள். ராம்சேயில் கால் வைத்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புதிதாகப் புதர் கிளம்பியிருந்தது. படகோட்டி உட்கார்ந்து ஒரு விரற்கடை உயரச் செடார் கன்றைத் தேடிக் காட்டினார். அவ்வளவு பெரிய மரங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் மண்டியிட்டு அந்தக் கன்றைப் பார்த்தோம்.

கடலிலும் இதே கதைதான். உரோம வணிகர்கள் கடல் நீர்நாயை அடியோடு அழித்தார்கள். தின்ன ஆளில்லாமல் கடல் முள்ளெலிகள் பெருகின. அவை கெல்ப் எனும் பெருங்கடற்பாசிக் காடுகளை மேய்ந்து தீர்த்தன. அந்தக் காட்டில் ஒதுங்கும் அபலோனி நத்தைக்கு இடம் சுருங்கியது. மர்ச்சிசன் தீவின் கரையில் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஹைடா முக்குளிப்பவர்களும் பூங்கா விஞ்ஞானிகளும் வணிக முக்குளிப்பவர்களும் சேர்ந்து முள்ளெலிகளைக் குறைத்தார்கள். முள்ளெலியின் உள்ளிருக்கும் மஞ்சள் சினை ஹைடாக்களுக்குப் பிடித்த உணவு. அது ஊருக்குப் போனது. அங்கே தண்ணீருக்கு மேலே கெல்ப் தலைகள் அடர்ந்து மிதந்துகொண்டிருந்தன. நண்பர் குனிந்து ஒரு தண்டைப் பிடித்துப் பார்த்தார். ஆழத்தில் இறுகப் பற்றியிருந்தது, இழுத்தும் வரவில்லை.

வெந்நீர் ஊற்றுத் தீவில் சுடுநீர்க் குளத்தில் உட்கார்ந்தபடி மழை பார்த்தோம். 2012 அக்டோபரில் 7.7 அளவில் நடந்த நிலநடுக்கத்தில் இந்த ஊற்றுகள் வற்றிப்போயின. சில ஆண்டுகளில் தாமாகத் திரும்பின. ஒப்பந்தத்தின் இருபதாம் ஆண்டுக்காக, 2013 ஆகஸ்டில் விண்டி பேயில் ஜாலன் எடன்ஷா செதுக்கிய 42 அடித் தூணை நிறுத்தியபோது, அந்த நடுக்கத்தையும் அதில் சேர்த்துவிட்டார்கள்: தீவுகளைத் தாங்கி நிற்பவராக ஹைடாக் கதைகள் சொல்பவரின் உருவம் அதில் இருக்கிறது, அவர் அசைந்தால் நிலம் நடுங்கும். அதே தூணில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் ஐந்து பேர் 1985இன் மறியல்காரர்கள். குவாய் ஹானாஸில் 130 ஆண்டுகளுக்குப் பிறகு நின்ற முதல் தூண் அது. நூற்றுக்கணக்கானோர் கயிறு பிடித்து இழுத்து நிறுத்தினார்கள்.

தென்கோடியில், ஸ்காங் குவாயில், பழைய தூண்கள். தலைவர்களின் எலும்பு வைத்த பெட்டியை உச்சியில் தாங்கிய ஈமத் தூண்கள், கடலைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. வெயிலும் மழையும் வெளுத்த மரம், வெள்ளி நிறம். ஒரு கரடியின் கண் இன்னும் தெளிவாக இருந்தது. அதன் கன்னத்தில் புல் முளைத்திருந்தது. 1981இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடம். 1957இல் இங்கிருந்து 11 தூண்களை அருங்காட்சியகங்களுக்கு எடுத்துப் போனார்கள். மிஞ்சியவற்றைச் சாயாமல் நிமிர்த்தி வைக்கிறார்கள், மேலே வளரும் செடியை எடுக்கிறார்கள். ஆனால் கூரை போடுவதில்லை. மண்ணில் விழுந்து மண்ணாவதே தூணுக்கு முறை என்பது ஹைடாக்களின் தீர்ப்பு. உலக மரபு என்ற பட்டம் வந்த பிறகும் அதை மாற்ற யாராலும் முடியவில்லை. தன் நிலத்தில் தன் அழிவையும் தானே தீர்மானிக்கும் உரிமையைவிட முழுமையான உரிமை எது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், அமெரிக்க, கனடிய அருங்காட்சியகங்களில் கிடந்த 400க்கும் மேற்பட்ட முன்னோரின் எலும்புகளை இதே மக்கள் பல ஆண்டுகள் அலைந்து மீட்டுக் கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள். எதை விட்டுவிடுவது, எதை விடக்கூடாது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

ஸ்கிடிகேட் திரும்பியபோது ஊரில் புதிய நில உரிமை ஒப்பந்தங்களைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. 2024 ஏப்ரலில் மாகாணத்தோடான ஒப்பந்தத்தின்மேல் ஹைடாக்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 95 சதவீதம் ஆதரவு. அடுத்து, தீவுக்கூட்டம் முழுக்க ஹைடாக்களுக்கு நில உரிமை உண்டு என்று மாகாண அரசு ஒப்பந்தம் போட்டு, அதைச் சட்டமாகவும் இயற்றியது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசும் இதே ஊரில் வந்து கையெழுத்திட்டது. தனியார் பட்டா நிலங்களுக்கும் அவரவர் வீடுகளுக்கும் மாற்றமில்லை என்று எல்லாத் தரப்பும் சொல்லியிருக்கின்றன. ஆக, 1993 ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் ஒத்துப்போகாமல் நின்ற இரண்டு பத்திகளில் ஒன்று, முப்பது வருடம் கழித்து மற்றதை நோக்கி நகர்ந்திருக்கிறது. சேர்ந்து வேலை செய்த முப்பது வருடமும், அரசியலமைப்பின் அந்தச் சிறிய பிரிவும், சாலையில் உட்கார்ந்த மூத்தோரும் இல்லாமல் அது நகர்ந்திருக்காது.

மிச்சம் நிறைய. மாகாணத்திடமிருந்து காடுகளின் பொறுப்பு எப்படிக் கைமாறும் என்பதெல்லாம் படிப்படியாகத் தீர்க்கப்பட வேண்டியவை. 2002இல் ஹைடாக்கள் தொடுத்த வழக்கு நிலத்தோடு கடலையும் கேட்டது. கையெழுத்தானவை நிலத்தைப் பற்றியவை. மீன்பிடி உரிமம் இன்றும் ஒட்டாவாவின் கையில். எங்கள் படகோட்டியின் குடும்பம் மூன்று தலைமுறையாக ஹாலிபட் பிடிப்பது. கடலுக்கு என்ன ஆகப் போகிறது என்று நண்பர் கேட்டார். பேசிக்கொண்டிருக்கிறார்கள், முடியாவிட்டால் வழக்கு இருக்கிறது என்றார் அவர், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. பிறகு அவர் மயிலிட்டியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்: என்ன மீன், எவ்வளவு ஆழம், இப்போது யார் அங்கே வலை போடுகிறார்கள் என்று. நண்பர் ஆங்கிலத்தில் தடுமாறிய இடங்களில் நான் சொல்லிக் கொடுத்தேன். கப்பலுக்கு நேரமாகும்வரை அவர்கள் இருவரும் மீன் கதைதான் பேசினார்கள்.